மூன்றாவது சுழி

அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. செவ்வந்தி அவனுக்குக் கடன்பட்டது அவ்வளவு. குடையை ஒரு தரம் உதறினால் அறுபத்திரண்டரை ரூபாய் ஆகும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால், நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. கோன் வைண்டிங்கில் நாளெல்லாம் நின்று, அறுந்த நூலை முடிந்து முடிந்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் மில் கேட்டைத் தாண்டி வந்தாள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மழை பொறுத்துக்கொண்டது. அப்புறம் பொறுக்கவில்லை. எதிர்ச்சாரியில் தகரக் கூரை போட்ட ஒரு கடை. ஓடிப்போய் அதன் வாசலில் ஏறினாள். குடையை மடக்கினாள். காக்கை இறக்கையை உதறுமே, அது மாதிரி... சடசடவென்று உதறினாள்.

"ஐயையோ!"

யாரோ காலை மிதித்துவிட்டது போல் ஒரு குரல். திரும்பிப் பார்த்தாள்.

பலகையின் மேல் பெரிய வெள்ளைச் சார்ட்டு. அதில் பலூன்கள். சிவப்பு, நீலம், பச்சை... காற்றடைத்துப் புடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்து மினுங்க, மடங்குகிற இடத்தில் சின்னச் சின்னச் சுருக்கத்தோடு. நிஜப் பலூனை யாரோ காகிதத்தின்மேல் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள். அமுக்கிப் பார்க்க விரல் கூட நீண்டுவிட்டது.

"தொடாதீங்க! இன்னும் ஈரம் காயலீங்க. உதறினது பத்தாதா?"

அப்போதுதான் பார்த்தாள். அத்தனையும் வண்ணம். வெறும் தண்ணீர் வண்ணம். அதன்மேல் அவள் குடையிலிருந்து தெறித்த துளிகள்... பட்ட இடமெல்லாம் பூத்துக்கொண்டிருந்தன.

"பலூனை வெடிச்சுப்போட்டீங்களே அம்மணி!"

அவன் கையில் தூரிகை. இடது புருவத்தில் மஞ்சள் தீற்றல். கண்ணில் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்குக் கோபம் பழக்கமில்லை போலும். வந்த விருந்தாளி எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிற மாதிரி, சும்மா நின்றது.

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தெரியாம பண்ணிப்போட்டேனுங்க. இது... எழுத்துங்களா?"

"பின்னே? படிச்சுப் பாருங்க."

படிச்சுப் பாருங்க என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான்! மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "வ... ர்..." அடுத்த எழுத்தில் நின்றுவிட்டாள். "இந்த எழுத்து எங்க அறிவொளி வகுப்புல இன்னும் வரலீங்க."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "அது 'ஷி'ங்க. வர்ஷினி. பக்கத்து பேக்கரி மயில்சாமியண்ணன் புள்ளைக்கு மொதப் பொறந்தநாளு. அதுக்குத்தான் பக்கத்துல ஒண்ணு நம்பர். வர்ஷினின்னா மழையாமா. பேரு வெச்சவங்களைச் சொல்லோணும், மழை நேராவே வந்து வாழ்த்திட்டுப் போயிருச்சு."

"எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க. குடுத்தர்றேன்."

"அட, போகட்டும் உடுங்க."

"அதெல்லாம் வேண்டாமுங்க. நான் யாருக்கும் கடன் வெக்கறதில்லை. யாரும் எனக்கு எனாமாக் குடுக்கவும் வேண்டாம்."

முகவாயை அவள் தூக்கின தூக்கில் அவனுக்கும் ரோசம் வந்துவிட்டது. "அப்படிங்களா? கூலி அம்பது. சார்ட்டு, கலரு பன்னண்டரை. அறுபத்திரண்டு ரூபா அம்பது காசு. வைங்க பாப்போம்!"

பையைத் துழாவினாள். வாரக் கூலியை அம்மா காலையிலேயே கணக்குச் சொல்லி வைத்திருந்தாள், அரிசிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று. பஸ்ஸுக்குப் போக மிஞ்சியது ஒரே ஒரு ஐம்பது காசு. அதை அப்படியே பலகையில் வைத்தாள்.

"இது இன்னைக்கு. மிச்சம் சனிக்கிழமை சனிக்கிழமை வரும்."

"பேரு சொல்லிட்டுப் போங்க. கடன்காரங்க பேரு தெரிய வேண்டாமா?"

"செவ்வந்தி."

"மஞ்சச் செவ்வந்தியா, வெள்ளைச் செவ்வந்தியா?"

"கோவம் வந்தா செவப்புங்க!"

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த மஞ்சள் புருவம் கண்ணாடி ஜன்னலில் வந்து வந்து போயிற்று... சே, என்ன இது!

அவன் பெயர் பிரான்சிஸ். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது தொழில். மற்ற நேரத்தில் பிறந்தநாள் வீடுகளுக்குப் பலூன் எழுத்து. இதெல்லாம் அடுத்த சனிக்கிழமை தெரிந்துகொண்டாள். மழை இல்லாத சனிக்கிழமை அது. ஆனாலும் குடையை வெளியிலேயே உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"காஞ்ச கொடையை எதுக்குங்க உதறுறீங்க?"

"பழக்கப்படுத்திக்கறேனுங்க. இன்னொரு அறுபத்திரண்டரைக்கு எங்க போறது?"

பத்து ரூபாய் நோட்டை நீட்டினாள். வாங்கும்போது அவன் விரல் படவில்லை. படாமல் இருக்க அவன் எடுத்துக்கொண்ட சிரமம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் சனிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. சில வாரம் ஐந்து, சில வாரம் இரண்டு. கொடுக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் பஸ் வருகிற வரைக்கும் நிற்கத்தானே வேண்டும்? ஒரு பஸ் நிரம்பி வரும். இன்னொன்றை இவள் பார்க்கவே மாட்டாள்...

அவன் வரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நல்ல தண்ணீரால் முதலில் எழுத்தை எழுதுவான். கண்ணுக்கே தெரியாது. சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு வண்ணம் வைப்பான். அது தானே ஓடிப் பரவி, ஓரத்தில் கருத்து நடுவில் வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்கு வயிறு வைத்துவிடும். ஊதின மாதிரி உப்பும்.

"நிஜப் பலூனைக் கோயில் நோம்பிக் கடையில வாங்கி, எழுத்தாட்டம் வளைச்சு, பல்புக்குக் கீழ வெச்சு வெச்சுப் பாத்தேனுங்க. ரெண்டு மூணு எம்மூஞ்சியிலயே வெடிச்சுது."

"அந்தப் பளபளப்புக்கு என்ன கலருங்க? வெள்ளையா?"

"வெள்ளைக் கலரே எங்கிட்ட கெடையாதுங்க. அந்த எடத்துல ஒண்ணும் பண்றதில்லை. பேப்பரை அப்படியே உட்டுப்போடறதுதான். உட்ட எடந்தான் மினுங்கும்."

இன்னொரு நாள் அவளே ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். "உங்க பலூனுக்கெல்லாம் முடிச்சே இல்லீங்களே. காத்து எறங்கிப் போயிராதா?" என்று, பையிலிருந்த கழிவு நூலை எடுத்து அவன் எதிரில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் விழுந்த முடிச்சு. அவன் நூலைப் பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்தான். "திலும்ப ஒருக்கா போடுங்க... சரியாத் தெரியலை," என்றான். தெரிந்துதான் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. திலும்பப் போட்டாள்.

தை பிறந்த வாரத்தில்தான் அந்தச் சண்டை. கல்யாண வீட்டுக்கு ஒரு சார்ட்டு எழுதியிருந்தான். செவ்வந்தி விரலைக் காற்றில் ஓட்டி எழுத்துக் கூட்டினாள். "தி... ரு... ம... ன... ஏனுங்க! மூணு சுழி போடோணுமுங்க. நீங்க ரெண்டு சுழிதான் போட்டிருக்கீங்க."

பிரான்சிஸ் தலையைச் சொறிந்தான். "மூணு சுழிக்கு எடம் பத்தலீங்க. பலூனு ஒண்ணை ஒண்ணு நெருக்குது. ரெண்டு போட்டா அழகா உக்காந்துக்குது."

"அழகா உக்காருதுன்னு கண்ணாலத்தைக் கொண்டுபோய் மனசா மாத்திப்போட்டீங்களே!"

"மனசுதானுங்களே மொதல்ல? மனசு இருந்தா மூணாவது சுழி தானா வந்து சேந்துக்காதா?"

சொல்லிவிட்டுத் தூரிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினான். ஏற்கெனவே கழுவின தூரிகை. செவ்வந்தி பஸ்ஸைப் பார்த்தாள். ஒரு பஸ்ஸும் வரவில்லை. இரண்டு காதும் ஏன் இப்படிச் சுடுகின்றன...

வீட்டில் அம்மா காளியாத்தாள் கண்ணில் இதெல்லாம் படாமல் இருக்குமா? கண்ணாடி முன்னால் நின்ற மகளைப் பார்த்துக் கேட்டாள்: "இதென்ன கடன் கண்ணு? கட்டப் போறப்ப பூ வெச்சுட்டுப் போற கடன்?"

"சும்மா இரும்மா!"

"நான் சும்மாத்தான் இருக்கறேன். கடன் கொறைய கொறைய உம்மூஞ்சி வாடுதே, அதைத்தான் கேட்டேன்."

உண்மைதான். இன்னும் பதினேழு ரூபாய்தான் பாக்கி. அது தீர்ந்தால்... அப்புறம் எந்தச் சாக்கில் அந்தத் தகரக் கடை வாசலில் ஏறுவது?

அந்தச் சனிக்கிழமை சேர்ந்தாற்போல் ஓவர்டைம் கூலியும் கிடைத்தது. அம்மாவுக்குத் தேங்காய் பன் வாங்கலாம் என்று முதல்முதலாகப் பக்கத்து பேக்கரிக்குள் கால் வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, சுவரில்...

வ. ர். ஷி. னி.

நிற்காமல் படித்துவிட்டாள். அந்த 'ஷி'யை அவளுக்குக் கற்றுக் கொடுத்ததே அந்தச் சார்ட்டுதானே! அதே சிவப்பு, அதே நீலம். வெடிக்கவில்லை. கெடவும் இல்லை. அவள் உதறிய ஒவ்வொரு துளிக்கும் கீழே மெல்லிய நிழல், உள்ளே ஒரு வெளிச்சம். பலூன்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. விரலால் வழித்தால் கையில் ஈரம் ஒட்டும் போலிருந்தது.

"நல்லாருக்குங்களா அம்மணி?" மயில்சாமி கல்லாவிலிருந்து சிரித்தார். "எம் பொண்ணுக்குப் போட்டது. இத்தனை நாளா ஊட்டுல கெடந்துச்சு, நேத்துத்தான் கொண்டாந்து மாட்டினேன். வர்றவங்க எல்லாம் மழை பலூனே வேணுங்கறாங்க. பிரான்சிஸ் தம்பி பேசினதைவிட எச்சாவே குடுத்தேன், அப்படி அமைஞ்சு போச்சு."

பன்னை வாங்காமலே வெளியே வந்தாள்.

முன்னால் வேலை பார்த்த இடத்தில், காட்டின தாளில் எல்லாம் ரேகை வைத்தாள். தாளில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. அவள் ஓவர்டைமை யாரோ மென்று விழுங்கினார்கள். இனி ஒருத்தன் ஏமாற்றக் கூடாது என்றுதான், நின்று நின்று வீங்கின காலை மடக்கி உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தாள். கடைசியில் எழுத்து எழுதுகிறவனே ஏமாற்றிவிட்டான்! அதுவும் இவன்... இவனா!

பலகையில் பதினேழு ரூபாயையும் சத்தம் கேட்க வைத்தாள்.

"இந்தாங்க பாக்கி. கணக்கு முடிஞ்சுது."

"எல்லாமே இன்னைக்கேவா? ஏனுங்க, அவசரமில்லீங்களே..."

"பேக்கரிக்குப் போயிருந்தேனுங்க."

அவன் முகத்தில் வண்ணம் இறங்கியது.

"எழுத்துத் தெரியாதவகிட்ட எதையும் சொல்லிப்போடலாம், இல்லீங்களா? வாரா வாரம் இந்தப் பைத்தியக்காரி வந்து கட்டறாளேன்னு சிரிச்சுக்கிட்டீங்களா?"

"செவ்வந்தி... நான் சொல்றதைச் சித்தெ கேளுங்க..."

அவள் கேட்கவில்லை. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. அன்றைக்கு அவள் முழுச் சிவப்பு.

அதற்கப்புறம் முந்தின ஸ்டாப்பிலேயே பஸ் ஏறினாள். மில்லில் நூல் வழக்கத்தைவிட அதிகமாக அறுந்தது. முடிச்சுப் போடும்போதெல்லாம் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. சனிக்கிழமை நேராக வீட்டுக்கு வந்த மகளைக் காளியாத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. "கடன் தீந்துருச்சாட்டம் இருக்குது," என்று மட்டும் அடுப்பிடம் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் வகுப்புக்குப் போனால், சுவரில் ஒரு புதுச் சார்ட்டு. பார்த்ததும் அவள் நெஞ்சுக்குள் யாரோ பலூன் ஊதினார்கள்.

நீலத்தில் ஒரு 'ம'. சிவப்பில் ஒரு 'ன'. பச்சையில் இன்னொரு 'ம்'. அதன் தலைமேல் புள்ளிக்கு மஞ்சளாய் ஒரு குட்டிப் பலூன். ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரு நூல் தொங்கியது. நூலில் முடிச்சு... அவள் போடுகிற முடிச்சு.

"நம்பர் பிளேட் எழுதுற தம்பி குடுத்துட்டுப் போச்சு," என்றார் டீச்சர். "இதுல ஒரு தப்பு இருக்காமா. அதைத் திருத்தத் தெரிஞ்சவங்க இந்த வகுப்புல ஒருத்தங்கதான் இருக்காங்களாமா. அவங்க தப்பைத் திருத்தினா அவரும் அவர் தப்பைத் திருத்திக்குவாராமா. யாருக்காவது புரியுதா?"

பாயில் இருந்தவர்கள் எல்லாம் எழுத்துக் கூட்டினார்கள். "மனம்... சரியாத்தானுங்களே இருக்குது?" "புள்ளி கூட வெச்சிருக்குதே." "இத்தனை பெரிய சார்ட்டுல நடுவால எதுக்கு இத்தனை எடத்தைச் சும்மா உட்டிருக்குது?" என்றாள் சென்னியம்மாள் அக்கா.

ஆமாம். 'ம'வுக்கும் 'ன'வுக்கும் நடுவில் வெள்ளையாய் ஓர் இடம். சரியாக ஒரு சுழி உட்காருகிற அளவுக்கு.

வெளியே மாசி மாதத்தில் யாரும் எதிர்பாராத ஒரு மழை தூறத் தொடங்கியிருந்தது.

சார்ட்டைச் சுருட்டி மார்போடு அணைத்து, குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலை நனைந்தது, முதுகு நனைந்தது. சார்ட்டின்மேல் ஒரு துளி விழவில்லை.

கடை பாதி திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பிரான்சிஸ் எழுந்த வேகத்தில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது.

"கொடையை வெச்சுக்கிட்டு இப்படி நனைஞ்சுட்டு வாரீங்களே!"

"என்னைக் காயப்போட்டா காஞ்சுருவேனுங்க. இதை அப்படிக் காயப்போட முடியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. அறுபத்திரண்டரை ரூபா குடுத்துக் கத்துக்கிட்டது."

அவன் தலை குனிந்தான். "அன்னிக்கு நீங்க போன பொறவு, துளி காயறதுக்குள்ள சும்மா ஒரு நெழல் குடுத்துப் பாத்தேனுங்க. மழையாயிருச்சு. நஷ்டமில்லைன்னு அடுத்த வாரமே சொல்லத்தான் இருந்தேன். சத்தியமா. ஆனா நீங்க வந்தீங்க... காஞ்ச கொடையை வெளியே நின்னு உதறிட்டு வந்தீங்க. கடன் இல்லைன்னு சொன்னா திலும்ப வருவீங்களான்னு நெனச்சேன். வாய் வரலீங்க. உங்களைப் பாத்து நான் ஒரு நாளும் சிரிக்கலை. சனிக்கிழமையே ஏன் தெனமும் வரமாட்டேங்குதுன்னுதான்..."

ஒரு காலி வண்ண டப்பாவை எடுத்து அவள் முன் வைத்தான். உள்ளே அவள் கொடுத்த நோட்டுகள். ஒன்றும் செலவாகவில்லை. கசங்கிக் கொடுத்ததைக் கூட நீவி வைத்திருந்தான்.

செவ்வந்தி எண்ணிப் பார்த்தாள். வேண்டுமென்றே மெதுவாக எண்ணினாள். அவன் தவிப்பது நன்றாக இருந்தது.

"அறுபத்திரண்டு இருக்குது. அந்த அம்பது காசு?"

"அது... குடுக்க மாட்டேனுங்க." சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். "நான் உங்களுக்குக் கொஞ்சூண்டாவது கடன்பட்டிருந்தாத்தான், கேக்கறதுக்காச்சும் நீங்க வருவீங்க."

அந்தக் கண்கள்! கோபம் நிற்கத் தெரியாத அந்தக் கண்களில் பயம் எப்படி உட்கார்ந்திருக்கிறது பார்... என்று நினைத்தாள். நினைத்ததும் அவள் ரோசமெல்லாம் ஈர வண்ணம் மாதிரி ஓரத்துக்கு ஓடிப்போயிற்று.

பலகையின் ஈரத்தைத் துடைத்துச் சார்ட்டை விரித்தாள். கையை நீட்டினாள். "பிரஷைக் குடுங்க."

கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு அவன் கொடுத்தான். இந்தத் தடவை விரல் பட்டது. யாரும் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் நல்ல தண்ணீரால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சுழி. அப்புறம் ஓரத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு. அது ஓடியது, பரவியது, உப்பியது. கொஞ்சம் கோணல்தான். மூக்கு முட்டின மாதிரி மற்ற சுழிகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. ஆனால் மூன்று சுழி.

"இப்பப் படிங்க," என்றாள், அவனைப் பார்க்காமல்.

பிரான்சிஸுக்குத்தான் இப்போது எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. "ம... ண... ம்." "செவ்வந்தி... நெசமாத்தானுங்களா?"

"எங்கம்மாகிட்ட நீங்கதான் வந்து கேக்கோணும். எனக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கறேன். பூ வாங்கிட்டு வாங்க. மஞ்சச் செவ்வந்தி."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து பேக்கரியிலிருந்து மயில்சாமி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தகரத்தின்மேல் மழை தாளம் போட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து அந்த நாணயத்தை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "அப்ப இந்தாங்க... இனிமே இந்தச் சாக்கு எனக்கு வேண்டாமில்லீங்களா?"

செவ்வந்தி அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நாணயத்தை உள்ளேயே வைத்து மூடினாள்.

"அதை நான் உட்டுப்போட்டேனுங்க," என்றாள். "உட்ட எடந்தான் மினுங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"